நானே கம்பெனி ஆன கதை

1

போன மாதம் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் வந்திருந்தேன். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த, எனக்கு முன்பின் தெரியாத பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஜெர்மனியில கம்பெனி வெச்சிருக்கறது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

"எத்தன பேருங்க வேல செய்யறாங்க?"

"ஒருத்தர்தானுங்க."

"மொதல்ல அப்பிடித்தானுங்க இருக்கும். நானும் ஒத்த லேத்த வெச்சு ஆரம்பிச்சவன்தான்" என்று ஆறுதல் சொன்னார். இடது கையால் சட்டைப் பையைத் துழாவி ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து என் தண்ணீர் டம்ளரின் மேல் சாய்த்து வைத்தார். வால்வு செய்கிறாராம். "அந்த ஒருத்தர மட்டும் விட்டுப்போடாதீங்க. நல்ல ஆளு கெடைக்கறது இப்பல்லாம் செரமம்."

அந்த ஒருத்தர் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தபோது பாயசம் வந்துவிட்டது.

மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்குள் இன்னும் இரண்டு கார்டுகள் சேர்ந்துவிட்டன. ஊரில் இருக்கிற நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்ட அந்தக் கம்பெனி எப்படி வந்தது என்பதை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

2

ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து நான் சம்பளக்காரிதான். அதற்கு முன் திருப்பூரில் ஒரு சாய ஆலையின் சுத்திகரிப்பு நிலையத்தில் இருந்தேன். சாயத் தண்ணீரிலிருந்து உப்பையும் நிறத்தையும் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்பத் துணிக்கே அனுப்புகிற வேலை. கல்யாணமாகி இங்கே வந்தபின், எங்கள் சின்ன ஊரில் இருந்த துணியையும் சாயத் தண்ணீரையும் சோதிக்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. காலையில் போவேன், சாயந்திரம் வருவேன், மாசக் கடைசியில் சம்பளம் வரும். பிறகு ஒருநாள் அங்கே என் பிரிவை மூடினார்கள். அழகாக ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு ஏறத்தாழ ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். கணவர் ஆபீஸ் போவார், மகள் இனியா பள்ளிக்கூடம் போவாள், நான் பால்கனியில் கறிவேப்பிலைச் செடியிடம் நலம் விசாரிப்பேன். குளிர்காலத்தில் அது பதில் சொல்லாது. நம்மை யாருக்கும் தேவையில்லை என்ற எண்ணம் சத்தமில்லாமல் வந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். அதை எழுப்பி அனுப்புவது லேசில்லை.

அப்படி இருந்தபோதுதான் பழைய சக ஊழியர் மார்ட்டின் கூப்பிட்டார். அவர் இப்போது பக்கத்து ஊரில் ஒரு சாய ஆலையில் இருக்கிறார். கழிவுநீரை மறுபடி பயன்படுத்தத் திட்டம் போடுகிறார்களாம், நாலு மாதத்துக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமாம்.

"வருகிறேன். எப்போது சேர வேண்டும்?" என்றேன்.

"சேர முடியாது. புதிதாக ஆள் எடுக்க அனுமதி இல்லை. நீ ஆலோசகராக வா. வரி அலுவலகத்தில் பதிந்து ஒரு எண் வாங்கிக்கொள். மாதாமாதம் எங்களுக்கு பில் அனுப்பு."

சம்பளம் வாங்கிப் பழகியவளுக்கு பில் அனுப்புவது என்பது, விருந்துக்குப் போன வீட்டில் இன்னும் ஒரு வடை என்று நாமே வாய்விட்டுக் கேட்பது மாதிரி. கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த நாற்காலிக்காரரை நினைத்ததும் சரி என்று சொல்லிவிட்டேன்.

3

அப்பாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அப்பா போத்தனூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்புக்கு வேண்டிய உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பார். எழுபதைத் தாண்டியும் தினம் காலையில் அவரேதான் ஷட்டரைத் தூக்குகிறார். எங்கள் சொந்தத்தில் சம்பளத்துக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்குமே குரல் கொஞ்சம் தணியும், உடம்பு சரியில்லாதவரைப் பற்றிப் பேசுவதுபோல. நாலு மிஷினாவது சொந்தமாக ஓட வேண்டும். பொண்ணு ஜெர்மனியில் இருக்கிறாள் என்பது பெருமைதான். ஆனால் அங்கே யாருக்கோ வேலை செய்கிறாள் என்பதை அப்பா அடுத்த வாக்கியத்தில் வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவார்.

"இனிமே சம்பளம் இல்லீங்ப்பா. சொந்தமா செய்யப்போறேன்" என்று போனில் சொன்னேன்.

அந்தப் பக்கம் மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அப்பா எனக்காக மிஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"சொந்தமான்னா?"

"அதுக்கு இங்க ஒரு பேரு இருக்குதுங்ப்பா. செல்ப்ஸ்டாண்டிக்."

"செல்ஃப் ஸ்டாண்டிங்" என்று அப்பா திருப்பிச் சொன்னார். "நல்ல பேருதான். சொந்தக் கால்ல நிக்கறது. அதத்தான் நானும் சொல்லிட்டிருந்தேன்."

தப்பாகச் சொன்னாலும் அர்த்தம் ஏறத்தாழ சரியாகவே இருந்ததால் நான் திருத்தவில்லை. அதோடு விட்டிருக்கலாம். அதிலும் இரண்டு வகை இருக்கிறது, கடை, வியாபாரம் என்றால் ஒன்று, என்னைப் போல ஆலோசனை சொல்கிறவர்களுக்கு 'ஃப்ரை' தொழில் என்று இன்னொன்று என்று விளக்கப் போனேன். அப்பாவிடமிருந்து அம்மா போனை வாங்கினார்.

"ஃப்ரீயாவா செய்யற கண்ணு? அத்தன படிச்சுப்போட்டு எதுக்கு சும்மா செஞ்சு குடுக்கோணும்?"

"ஃப்ரீ இல்லீங்ம்மா, ஃப்ரை. சுதந்திரமான தொழில்னு அர்த்தம்."

"நீ அங்க போயும் ஏமாந்துட்டே இருக்கற" என்று முடித்துவிட்டார் அம்மா.

அடுத்த நாளே அப்பா சொந்தபந்தங்களுக்குச் சொல்லிவிட்டார். சொந்தமாகச் செய்கிறாள் என்று போத்தனூரில் கிளம்பிய செய்தி, சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாள் என்று ஆகி, உடுமலைப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது ஏற்றுமதி இறக்குமதி என்று ஆகியிருந்தது. உடுமலையில் இருப்பது என் தாய்மாமா. தேங்காய் மட்டையிலிருந்து வரும் நார்க்கழிவைக் கட்டியாக அழுத்தி, செடி வளர்க்கிறவர்களுக்கு அனுப்புகிற தொழில் செய்கிறார். அவரும் கூப்பிட்டார்.

"அம்மணி, நம்ம சரக்கு கொஞ்சம் அங்க அனுப்பட்டுமா? உன்ற கம்பெனி மூலமா எதாச்சும் பண்ணலாமான்னு பாரு."

இதற்கு என்ன பதில் சொல்வது? தாய்மாமாவிடம் முடியாது என்று சொல்லும் வாக்கியம் எங்கள் பேச்சில் இல்லை. "பாக்கலாங்க மாமா" என்றேன். ஊரில் இதற்கு முடியாது என்றே அர்த்தம். ஆனால் வெளிநாட்டுப் போனில் சொல்லும்போது அர்த்தம் மாறிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

4

வரி எண்ணுக்கான படிவத்தை நிரப்பி அனுப்பினேன். நான் எழுதியது போதவில்லை, நேரில் வந்து விளக்குங்கள் என்று வரி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். என் ஜெர்மன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதும். வரிக்குப் போதுமா என்ற சந்தேகத்தில் இனியாவைக் கூட்டிப் போனேன். அவளுக்குப் பதினாறு வயசு. அவளுடைய தமிழ் முழுக்க நான் ஊருக்குப் போனில் பேசுவதைக் கேட்டுக் கற்றது. அதனால் '-ங்க' என்பதை ஒரு முற்றுப்புள்ளி என்றே நினைத்திருந்தாள். வீட்டில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போதுகூட "சார்ஜர் காணலைங்க" என்பாள்.

அதிகாரி அறுபதை நெருங்கும் பெண்மணி. மேஜையில் ஒரு கள்ளிச்செடி. பார்வை நேராக இருந்தது.

"நீங்கள் என்ன செய்வீர்கள்?"

ஊரில் இப்படி யாராவது கேட்டால், 'ஏதோ கொஞ்சம் தெரியுமுங்க' என்போம். கேட்டவர் உடனே, 'அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்க, நீங்க பெரிய ஆளு' என்பார். விஷயம் இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். நான் அதையே ஜெர்மனில் சொன்னேன்.

"ஆலைகளுக்குக் கொஞ்சம் உதவி செய்வேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "கொஞ்சம் உதவி. தொண்டு வேலையா?"

"இல்லை. தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சிறிது தெரியும்."

"சிறிது" என்று அதையும் எழுதிக்கொண்டார். "அங்கே உங்களுக்கு உத்தரவு போடுவது யார்?"

இதற்கு என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, பணிவாக இருக்கட்டும் என்று, "எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: இந்த வகையில் பதிய வேண்டுமானால் நான் அந்தத் துறையில் நிபுணராக இருக்க வேண்டும், என் முடிவுகளை நானே எடுக்க வேண்டும். எல்லோர் சொல்படியும் கொஞ்சம் உதவுகிறவர் என்றால் அது கூலி வேலை. ஆலைதான் என்னை வேலைக்கு எடுக்க வேண்டும். இந்த எண் தர முடியாது.

ஆலையோ வேலைக்கு எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. என் பணிவால் என் வேலை போகப் போகிறது என்று புரிந்ததும் வந்த கொஞ்சம் ஜெர்மனும் ஓடிவிட்டது.

இனியா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "எங்கள் ஊரில் தெரிந்தவர்கள்தான் 'சிறிது தெரியும்' என்பார்கள். அம்மா இருபது வருஷமாக இதைச் செய்கிறார். மொழிபெயர்ப்பில்தான் தப்பு" என்று அதிகாரியிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "அம்மா, இப்ப நீயே சொல்லு. கொஞ்சம்னு சொல்லாம சொல்லு" என்றாள். ஒரு '-ங்க' கூட இல்லை.

நான் சொன்னேன். சாயத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கும், எதை முதலில் பிரிக்க வேண்டும், உப்பை எடுத்த பிறகு எவ்வளவு தண்ணீர் திரும்ப ஆலைக்குள் போகலாம் என்று நான் எப்படி முடிவு செய்வேன், அதில் யார் சொன்னாலும் ஏன் மாற்ற மாட்டேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது, யாரையோ திட்டிவிட்டது மாதிரி. அதிகாரி முன்னால் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"பொருள் எதையாவது வாங்கி விற்பீர்களா?"

"இல்லை."

"நல்லது. விற்றால் அது வேறு வகை, வேறு அலுவலகம். எண் தபாலில் வரும்."

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இனியாவிடம் நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் அம்மா மகளுக்கு நன்றி சொல்லும் வழக்கமும் இல்லை. "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள்.

5

எண் வந்த அதே வாரம் சுங்க அலுவலகத்திலிருந்தும் ஒரு தகவல் வந்தது. இந்தியாவிலிருந்து வந்த சரக்கு காத்திருக்கிறது, நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்.

போனேன். மாமா அனுப்பிய நார்க்கழிவுக் கட்டிகள், பெட்டி பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியின் மேலும் தென்னைமரப் படம் போட்டு 'சுகந்தி இன்டர்நேஷனல், ஜெர்மனி' என்று அச்சடித்த ஸ்டிக்கர். சுகந்தி நான்தான். இன்டர்நேஷனல் மாமாவுடையது.

சுங்க அதிகாரி ஒரு இளைஞர். "இது உங்கள் நிறுவனமா?"

"இல்லை. அது என் மாமாவின் ஆசை."

"ஆசைக்கு எங்களிடம் தனி வகை இல்லை" என்றார், சிரிக்காமல். "சொந்த உபயோகமா, விற்பனையா?"

சொந்த உபயோகம் என்று சொல்லி, வரியைக் கட்டி, பெட்டிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இனியா ஒரு கட்டியை எடுத்துக் குளியல் தொட்டியில் போட்டு, எப்படிக் கரைகிறது என்று பார்க்கக் குழாயைத் திறந்துவிட்டாள். அது கரையவில்லை. ஊறி ஊதி எழுந்தது. கணவர் ஆபீஸிலிருந்து வந்து குளியலறைக் கதவைத் திறந்தபோது தொட்டி நிறைய தோட்டம் இருந்தது. அவர் எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போய் டிவி பார்த்தார். நல்ல மனுஷர்.

அதை அள்ளும்போது பழக்கதோஷத்தில் தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். உப்பு கூடுதலாக இருந்தது. இங்கே நாற்றுப் பண்ணைக்காரர்கள் இதைக் கையால் தொடமாட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார்.

"சரக்கு வந்துருச்சா அம்மணி? நல்லதாப் போச்சு. ஒரு கன்டெய்னரே ரெடி பண்ணச் சொல்லிப்போட்டேன்."

கன்டெய்னர் கிளம்பினால் என் எண் போகும், என் எண் போனால் மார்ட்டின் தந்த வேலையும் போகும். இனியா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, கன்டெய்னர் அனுப்பாதீங்க. என்னால விக்க முடியாதுங்க."

என் வாழ்க்கையில் தாய்மாமாவிடம் சொன்ன முதல் 'முடியாது'. அந்தப் பக்கம் நார் அடிக்கும் மிஷினின் சத்தம் தள்ளிப் போனது. மாமா வெளியே வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, எம்மேல எதாச்சும் வருத்தமா?"

"இல்லீங்க மாமா. நான் பதிஞ்சிருக்கறது யோசன சொல்ற தொழிலுங்க. பொருள் வாங்கி வித்தா என்ற பதிவே செல்லாது."

"அப்பிடியா. அப்ப யோசனைய மட்டுந்தான் நீ விக்கோணும்."

"ஆமாங்க."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா ஸ்டிக்கர் செலவு மிச்சமாயிருக்குமில்ல."

"சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துதுங்க."

"யாவாரத்துல என்ன ஒரு மாதிரி?" என்றார் மாமா. குரலில் கோபமே இல்லை. "செரி. நீ விக்கற சாமானத்தையே நான் வாங்கறேன். யோசன சொல்லு. இந்தச் சரக்கு அந்த ஊர்ல போகுமா, போகாதா?"

போகாது என்றேன், உப்பு இருக்கிறது என்றேன். நார்க்கழிவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசிய உப்புத் தண்ணீரைத் தென்னந்தோப்பில் விடவும் கூடாது, பிரித்துத் திரும்ப அலசவே பயன்படுத்த வேண்டும். தொட்டிகளை எந்த வரிசையில் கட்டலாம் என்று சொல்ல ஆரம்பித்து, நேரம் போனதே தெரியாமல் பேசினேன். மாமா குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். நல்ல கேள்விகள். வாங்குகிறவர்களை மட்டும் நீங்களே நேராகத் தேடிக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

"பில்லு போட்டு அனுப்பு அம்மணி" என்றார்.

"ஐயோ மாமா, உங்களுக்குப் போயி பில்லா?"

"ஆடிட்டர் கேப்பாரு. அது போக, நாளைக்கு நீ சொன்னது தப்பாப் போச்சுன்னா, பில்லு இருந்தாத்தான் நான் உன்னையக் கேக்க முடியும். சும்மா சொன்ன யோசனைக்கு யாரு ஜவாப்தாரி?"

என் தொழில் என்னவென்று எனக்கு முழுதாகப் புரிந்தது அந்த நிமிஷம்தான். முதல் பில் உடுமலைப்பேட்டைக்குப் போனது. மார்ட்டினுக்குப் போனது இரண்டாவது.

6

சாய ஆலை வேலை நல்லபடியாக நடந்தது. நாலு மாதம் என்றார்கள், ஏழு மாதம் ஆனது. அதன் பிறகு இன்னொரு ஆலை கூப்பிட்டது. நடுவே சில வாரங்கள் யாரும் கூப்பிடுவதில்லை. அப்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கறிவேப்பிலைச் செடியுடன் பேசும் அளவுக்கு இல்லை. இனியாவுக்கு இப்போது என் பில்களில் எழுத்துப் பிழை பார்ப்பது வேலை. பதினேழு வயசாகிவிட்டது, அவளுடைய அறைக் கதவு முக்கால்வாசி நேரம் சாத்தியிருக்கிறது. பிழை பார்க்க மட்டும் வெளியே வருவாள். நான் வேண்டுமென்றே ஒன்றிரண்டு பிழை விட்டுவைப்பேன்.

கல்யாணத்துக்கு வந்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? அது முடிந்த பிறகு ஒருநாள் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆனைமலைக் கோயிலுக்குப் போனோம். அப்பாதான் கார் ஓட்டினார். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி, பொள்ளாச்சியைத் தாண்டினோம். இத்தனை வருஷத்தில் அப்பா தானாக என்னிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, அங்கே குளிரா, பாப்பா நல்லா இருக்காளா என்ற மூன்று கேள்விகள்தான். மூன்றும் முடிந்ததும் போன் அம்மாவிடம் போய்விடும். அதில் குறையாக எதுவும் நான் நினைத்ததில்லை. எங்கள் ஊர் அப்பாக்கள் அப்படித்தான்.

கிணத்துக்கடவு வந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே அப்பா ஆரம்பித்தார்.

"ஒரு சோலி இருக்குது. பெரிய பம்பு கம்பெனி ஒண்ணு கேக்குது. நம்ம பட்டறையில கடையறது அத்தனையும் அவங்களுக்கே குடுக்கோணுமாம். மத்த சின்னச் சின்ன ஆளுங்களுக்கெல்லாம் இனி செய்யக்கூடாதாம். மாசம் முச்சூடும் வேல இருக்கும்." கியரை மாற்றினார். "நீ என்ன சொல்ற?"

நான் பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். அப்பா கேட்டது எங்களில் யாரை என்று இருவருக்குமே உறுதியாகத் தெரியவில்லை.

"உன்னத்தான் கேக்கறேன்" என்றார் அப்பா.

யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"அந்தக் கம்பெனி ரெண்டு வருசத்துல நிறுத்திப்போட்டா, இப்ப விடற சின்ன ஆளுங்க திரும்ப வருவாங்களாங்ப்பா?"

அப்பா ஒரு லாரியைத் தாண்டினார், ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டார்.

"சுப்பையன் வருவான். மத்தவனுக வரமாட்டானுக" என்றார் கடைசியில். "பாதி மிசின அவங்களுக்குன்னு ஒதுக்கிப்போட்டு, பாதிய நம்ம கையில வெச்சுக்கிட்டா?"

"எந்தப் பாதிங்ப்பா?"

"அத மிசினப் பாக்காம சொல்ல முடியாது."

போத்தனூர் வந்ததும் கார் வீட்டுத் தெருவில் திரும்பாமல் நேரே பட்டறைப் பக்கம் போனது.

"ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு சாப்புட்டுட்டுப் பேசக் கூடாதுங்களா?" என்றார் அம்மா.

அப்பா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் என்னிடம் இரண்டாவது மிஷினின் பெல்ட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, மடியில் இருந்த பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"இது இப்ப முடியற பேச்சில்ல. ஆளுக்குக் கொஞ்சம் வாயில போட்டுக்குங்க" என்று முன்சீட்டுக்கு நீட்டினார்.